ஏழாவது கல்

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தபோது எனக்கு அந்தச் செய்தி வந்தது. ரோட்டோரம் டிராக்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்த டிரைவர், கேட்டைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, வெடிக்கார சவரிமுத்தண்ணன் போயிட்டாக. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எடுக்குறாக" என்றார். "யாருய்யா சொன்னா? நீ பாத்தியா?" என்று கேட்டேன். சாவுச் செய்தி சொல்ல வந்தவரை யாராவது இப்படிக் குறுக்கு விசாரணை செய்வார்களா? அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "கால்மாட்டுல நின்னு பாத்துட்டுத்தாங்க்கா வாரேன். நெஞ்சுச் சளி. ஒரு மாசமாப் படுக்கை" என்றார். அதற்குப் பிறகுதான் நம்பினேன். வாளியை ஆயாவிடம் கொடுத்துவிட்டு, அரிசி மூட்டைமேல் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்று நினைத்தேன். முடியவில்லை.

திருச்சுழி, பந்தல்குடி, மல்லாங்கிணறு பக்கம் எண்பதுகளில் கிணறு வைத்திருந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தோட்டத்துக் கிணற்றிலும் அவர் இறங்கியிருப்பார். மழை ஏமாற்றிய ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் கீழே போகும். தண்ணீரைத் துரத்திக்கொண்டு கிணறும் கீழே போகும். கரிசலுக்கு அடியில் பாறை. பாறையில் குழி போட்டு, மருந்து திணித்து, திரி வைத்து வெடிக்கிற வேலை அவருடையது. குட்டையான, கறுத்த மனிதர். கழுத்தில் அந்தோணியார் படம் போட்ட டாலர், தோளில் சிவப்புத் துண்டு. திரியைக் கொளுத்துமுன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார். பிறகு எங்கள் மாமனாரைப் பார்த்து, "மொதலாளி, ஒங்க அய்யனாருக்கும் ஒரு சூடத்தக் கொளுத்திருங்க. எறங்குறவன் நான். எல்லாருமாச் சேந்து பாத்துக்கிடட்டும்" என்பார். அவர் வாழ்நாளில் சாமிகளுக்குள் சண்டை மூட்டிவிட்டதே இல்லை.

அவருக்கு வலது காது முழுக்கப் போய்விட்டது, இடது காதும் பாதிதான். இருபது வருஷ வெடிச்சத்தம் சும்மா விடுமா? ஆனால் அந்த வேலையில் காதுதான் உயிர். ஏழு குழிக்குத் தீ வைத்தால் ஏழு வெடி கேட்க வேண்டும். ஒவ்வொரு திரியையும் நீளம் மாற்றி வெட்டுவார், ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பதற்காக. ஆறு மட்டும் கேட்டால், ஒரு குழி மருந்தோடு அப்படியே கிடக்கிறது என்று அர்த்தம். அது தெரியாமல் இறங்கிக் கல் அள்ளுகிறவர் கடப்பாரையை அதன்மேல் போட்டால் கதை முடிந்தது.

அதற்காக அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அதை வேறு எந்த வெடிக்காரரிடமும் நான் பார்த்ததில்லை. கிணற்றைச் சுற்றி நாலு திசையிலும், தூரத்தில், ஆளுக்கொரு இடமாக நாலு பேரை நிறுத்துவார். ஏழு குழி என்றால் ஒவ்வொருவர் கையிலும் ஏழு கூழாங்கல். ஒரு வெடி கேட்டால் ஒரு கல்லைக் கீழே போட வேண்டும். வாயைத் திறந்து எண்ணக் கூடாது. ஒருவர் எண்ணுவது அடுத்தவர் காதில் விழுந்துவிடும் என்பார். எல்லாம் முடிந்ததும் நாலு பேரும் வந்து அவர் முன்னால் கையை விரிக்க வேண்டும். நாலு கையும் காலியாக இருந்தால் இறங்கலாம். ஒரே ஒரு கையில் ஒரே ஒரு கல் மிச்சமிருந்தாலும் மறுநாள் காலைவரை யாரும் கிணற்றுக்குள் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. அவருடைய சொந்தக் கை இந்தக் கணக்கில் சேராது. "எனக்கு அடுத்தவுக காதுதான் காது" என்று சொல்லிச் சிரிப்பார்.

இனி என் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் அவர் கதை விளங்கும். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்த இரண்டாம் வருஷம் தலைப்பிள்ளை பிறந்தான். ஒன்பதாம் மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது பிள்ளை அழுகிற சத்தம் எனக்குக் கேட்கும். மடியில் கட்டிய பருத்தியோடு வீட்டுக்கு ஓடுவேன். நாலைந்து தடவை அப்படி ஓடினேன். கோடாங்கி வந்தார், உடுக்கை அடித்தார், வேப்பிலையால் என்னையும் நாலு அடி அடித்துவிட்டுப் போனார். ஓட்டம் நின்றுவிட்டது. பெயர் மட்டும் நிற்கவில்லை. 'பெரமை புடிச்சவ.'

பிரமை என்ற சொல்லை எங்கள் பக்கம் பெரமை என்பார்கள். நான் எழுதுகிறவளாக ஆனபிறகு இந்தச் சொல்லைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். யோசிக்க வேண்டிய அளவு அது என்னைப் படுத்தியிருக்கிறது. இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்வதற்கு நம்மிடம் சொற்களுக்கா பஞ்சம்? பொய் இருக்கிறது. ஆனால் பொய் தெரிந்தே சொல்வது. பொய் சொன்னவளை நாலு பேர் திட்டுவார்கள், அவளும் பதிலுக்குக் கத்தலாம். கனவு இருக்கிறது. கண் விழித்ததும் 'அட, கனவு' என்று நாமே சொல்லிக்கொள்வோம். பிரமை அப்படியில்லை. அது எனக்கு வந்ததா இல்லையா என்பதை எப்போதும் அடுத்தவர்தான் சொல்வார். திட்டுக்கூடக் கிடையாது. பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தச் சொல் ஒருத்திமேல் விழுந்துவிட்டால் அவள் வாயிலிருந்து வருவதெல்லாம் காற்றோடு போச்சு.

எங்கள் வீட்டில் போச்சு. "அத்தே, சோறு அடிப்பிடிக்கிற வாடை வருது" என்பேன். "ஒனக்குப் பெரமை" என்பார் அத்தை. சோறு நிஜமாகவே கருகியபிறகு, "அடுப்படியில நின்னுக்கிட்டு என்னத்தப் பாத்த?" என்று அதற்கும் நான்தான் ஏச்சு வாங்குவேன். ஆடு மிளகாய்க்குள் இறங்கிவிட்டது என்றால், "பெரமையா இருக்கும், போயி படு" என்பார் மாமா. எங்கள் வீட்டுக்காரர் எதுவும் சொல்ல மாட்டார். அது இன்னும் மோசம். ஊர்ப் பள்ளியில் சத்துணவு வேலைக்கு ஆள் எடுத்தபோது, எஸ்.எஸ்.எல்.சி. படித்த மருமகள் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அடுப்பு வேலைய்யா அது. இவளுக்கு நெருப்பு எரியிறது எரியாதது தெரியணும்ல" என்று மாமா சிரித்துப் பேசி அனுப்பிவிட்டார். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. எங்கள் கிணற்றில் மோட்டார் கால் மணி நேரம் ஓடினால் காற்றை உறிஞ்சியது. தோட்டத்தில் மிளகாய் பூத்த நிலையில் வாடி நின்றது. சவரிமுத்து ஆட்களோடு வந்து இறங்கினார். அவருடைய மச்சினன் சேவியர், கூலிக்கு இரண்டு பேர், குழி போடக் கம்ப்ரசர் வண்டி ஒன்று, கல் தூக்கக் கிரேன் ஒன்று. ஐந்தாவது நாள் பாறையிடுக்கில் ஈரம் தெரிந்தது. இன்னும் ஒரு வெடி வைத்துக் கல்லை அள்ளினால் ஊற்று திறக்கும் என்றார் அவர். மாமா நிலைகொள்ளாமல் நடந்தார். ஏனென்றால் கம்ப்ரசர் வண்டி மறுநாள் காலை மல்லாங்கிணற்றுக்குப் போயாக வேண்டும். அது போனால் திரும்பிவரப் பத்து நாள் ஆகும். பத்து நாள் மிளகாய் தாங்காது. அன்று சாயங்காலத்துக்குள் இறங்கிக் கல்லை அள்ளிப் பார்த்து, வேண்டுமானால் இன்னும் நாலு குழி போட்டுவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஏழு குழி தயார். நான் ஆட்களுக்குக் காப்பித்தண்ணி கொண்டு போயிருந்தேன். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. கூலியாட்களில் ஒருவர் டீசல் வாங்க அருப்புக்கோட்டைக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. கம்ப்ரசர்காரர் வண்டியைத் தூரமாக ஓட்டிக்கொண்டு போயிருந்தார். சேவியர், இன்னொரு கூலியாள், எங்கள் வீட்டுக்காரர், மூன்று பேர்தான் இருந்தார்கள். மேற்கு மூலைக்கு ஆள் இல்லை. மாமாவுக்குக் காது மந்தம், அதை அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார் என்பது வேறு விஷயம். சவரிமுத்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "தாயி, மேக்க மோட்டார் ரூமுக்குப் பின்னால போயி நில்லுங்க" என்று ஏழு கல்லை என் கையில் போட்டார்.

"அதுக்கு எதுக்குய்யா கல்லக் குடுக்குற?" என்றார் மாமா. "அது கேக்காததெல்லாம் கேக்குற ஆளு. ஏழுக்குப் பதினேழு கேக்கும்." கூலியாள் சிரித்தார். எங்கள் வீட்டுக்காரர் குனிந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். சவரிமுத்துவுக்கு அது கேட்டதா, காது அடைத்த பக்கமாகப் போய்விட்டதா தெரியவில்லை. "ஏழுதான் தாயி. எண்ணிக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

மோட்டார் ரூமுக்குப் பின்னால் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். "வெடி! வெடி! வெடீய்ய்ய்!" என்று மூன்று தடவை கூவல் கேட்டது. கிரேன் கிரீச்சிட்டு அவரை மேலே இழுத்தது. பிறகு ஓடுகிற காலடி. பிறகு ஒன்றுமில்லை. என் நெஞ்சு அடிக்கிற சத்தத்தையே வெடியென்று எண்ணிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. முதல் வெடி தரையை உதைத்தது. ஒரு கல்லைப் போட்டேன். இரண்டு. மூன்று. ரூமின் தகரம் அதிர்ந்து, அந்தச் சத்தமும் சேர்ந்துகொண்டது. அதை விட்டுவிட்டு எண்ணினேன். நாலு. கொஞ்சம் இடைவெளி. ஐந்து, மற்றதைவிடப் பெரிதாக. ஆறு. அடுத்ததற்காகக் காத்திருந்தேன். பொடிக்கல் சிதறி விழுகிற சத்தம் கேட்டது. காக்கைகள் கத்தின. எங்கேயோ கிழக்கே சேவியர் "ஆச்சு!" என்று கத்தினார். என் உள்ளங்கையில் ஒரு கல் இருந்தது.

அந்தக் கல்லை நான் கீழே போட்டிருக்கலாம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சுவருக்குப் பின்னால் யாரும் பார்க்கவில்லை. விரலை லேசாகத் தளர்த்தினால் போதும், காலியான கையோடு போய் நிற்கலாம். போட்டுவிடலாம் என்றுதான் நடந்தேன். நடக்க நடக்க, கிரேன் அருகில் சேவியர் அடுத்த இறக்கத்துக்காகச் சட்டையைக் கழற்றுவது தெரிந்தது. அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். மூன்று பேரும் கையை விரித்திருந்தார்கள். மூன்றும் காலி. சவரிமுத்து என்னைப் பார்த்தார். நானும் கையை விரித்தேன்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்று மாமா தொடையில் தட்டினார். "மூணு ஆம்பளைக்கு ஏழு கேட்டுச்சு. இவளுக்கு மட்டும் ஆறாம். ஏய்யா, எறங்கு நீ."

எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் வந்து, "நல்லா நெனச்சுச் சொல்லு. அந்த அஞ்சாவது ரெண்டு சேந்த மாதிரி இருந்துச்சுல்ல?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் அப்படிக் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஐந்தாவது பெரிதாகத்தான் இருந்தது. பிள்ளை அழுத சத்தமும் இவ்வளவு தெளிவாகத்தானே கேட்டது என்று நினைத்தேன். 'எனக்குத் தெரியல' என்று சொல்ல வாயெடுத்தேன்.

"யாரும் அவுககிட்டப் பேசாதீக" என்றார் சவரிமுத்து. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார். "தாயி, வேற யாருக்கு எத்தன கேட்டுச்சுன்னு நான் கேக்கல. ஒங்களுக்கு எத்தன கேட்டுச்சு?"

"ஆறு."

"சரி. ஆறு." தோளிலிருந்த சிவப்புத் துண்டை எடுத்துக் கிரேன் கம்பியில் கட்டினார். "இன்னைக்கு யாரும் எறங்கல."

மாமா ஆடித்தீர்த்துவிட்டார். கம்ப்ரசர் போய்விடும், மிளகாய் செத்துப்போகும், பைத்தியக்காரி பேச்சைக் கேட்டு வெள்ளாமையை அழிக்கப் பார்க்கிறாயா, அருப்புக்கோட்டை முழுக்க வெடிக்காரனுக்கா பஞ்சம் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னார். "அது பெரமைடா, பெரமை!" என்று கத்தினார்.

சவரிமுத்து பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்தார். "மொதலாளி, எனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்றார். "ஆரோக்கியம்னு பேரு. பந்தல்குடிப் பக்கம் ஒரு கெணறு. அஞ்சு குழி. அவன் நாலுன்னான். நானும் மத்தவுகளும் அஞ்சுன்னோம். 'ஏலே, ஒனக்குப் பெரமைலே, எறங்கு'ன்னேன். நாந்தான் சொன்னேன், வேற யாரும் சொல்லல. அண்ணன் சொல்லிட்டாகன்னு எறங்குனான். பொறுக்கித்தான் எடுத்தோம். அன்னையிலயிருந்து அந்தச் சொல்ல நான் வாயில எடுக்குறதில்ல. அஞ்சு வேணும்னு நெனைக்கிற காதுக்கு அஞ்சு கேட்டுரும் மொதலாளி. வேணாம்னு நெனைக்கிற காது ஏது?"

மாமா வீட்டுக்குப் போனார். அன்று ராத்திரி பாயில் புரண்டுகொண்டு கிடந்தேன். நாளைக் காலையில் ஏழும் வெடித்தது தெரிந்தால் என் கதி என்ன என்பதுதான் எனக்குக் கவலை. அதற்கப்புறம் அந்த வீட்டில் நான் தண்ணீர் கேட்டால்கூடப் பெரமை என்பார்கள். அதற்காக, ஒரு குழி மருந்தோடு அங்கே கிடக்க வேண்டும் என்று எல்லா சாமியையும் கும்பிட்டேன். ஒருவர் உயிரை வாங்கக்கூடிய ஒன்று கிணற்றுக்குள் கிடக்க வேண்டும் என்று வேண்டியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

விடிந்ததும் அவர் தனியாக இறங்கினார். முதலில் இறங்குவது எப்போதும் அவர்தான். அதுவும் அவருடைய வழக்கம். நாங்கள் எல்லோரும் தூரத்தில், வேப்பமரத்தடியில் நின்றோம். அத்தையும் வந்திருந்தார். சேவியர் மட்டும் கிரேன் பக்கத்தில். எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. கம்ப்ரசர்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு மல்லாங்கிணற்றுக்குப் போயே விட்டார். கடைசியில் கிரேன் அசைந்தது. சவரிமுத்து மேலே வந்தார். சிவப்புத் துண்டில் எதையோ சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார்.

"கிட்ட வராதீக. கெழக்கு மூலையில ஒண்ணு கெடந்துச்சு" என்றார். எங்களைத் தாண்டி ஓடைப் பக்கம் நடந்தார். ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார். ஓடைக்கு அப்பால் குழி தோண்டிப் புதைத்துவிட்டுத் திரும்பிவந்து, மாமாவிடம், "நேத்து எறங்கியிருந்தா இன்னைக்கு ஒங்க வீட்டு வாசல்ல ரெண்டு பொணம் மொதலாளி. இந்தத் தாயி காதுக்கு நான் கடன்பட்டவன்" என்றார். அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார், ஊர் பார்க்க, பட்டப்பகலில்.

ஊற்று திறந்தது. அடுத்த வெடிக்கு அவசியமே இல்லாமல், கல்லை அள்ளியதும் தண்ணீர் வந்துவிட்டது; மிளகாயில் முக்கால்வாசி பிழைத்தது. ஆனால் எனக்கு அன்று கிடைத்தது அது அல்ல. அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தச் சொல் என்மேல் விழவில்லை. "ஏத்தா, ஏதோ வாடை வருதா பாரு" என்று அத்தையே கேட்க ஆரம்பித்தார். மறுபடி சத்துணவு வேலைக்கு ஆள் கேட்டபோது மாமாவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! மூன்று ஆம்பளைகளுக்குத் தப்பாகக் கேட்டது எனக்குச் சரியாகக் கேட்டது என்று. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குச் சொன்னேன், இரண்டு தடவை பத்திரிகையிலும் எழுதினேன்.

அதன்பிறகும் ஊர்ப்பக்கம் வந்தால் சவரிமுத்து அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போவார். ஒருமுறை, "தாயி, மணி அடிச்சிருச்சா?" என்று கேட்டார். இல்லை அண்ணே, இன்னும் நேரமிருக்கு என்றேன். "என் காதுக்குள்ள எந்நேரமும் ஒரு மணி அடிக்குது. கோயில் மணியா என் மணியான்னு பொஞ்சாதியக் கேட்டுக்கிட்டுத்தான் பூசைக்கே போறேன்" என்று சிரித்தார். "எனக்கும் இல்லாத சத்தம் கேக்குது தாயி. நம்ம ரெண்டு பேரும் ஒரே சாதி." நானும் சிரித்தேன். பிள்ளை அழுத சத்தத்தைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அவரை அடக்கம் செய்த அன்று கோயில் மணி நிதானமாக அடித்துக்கொண்டே இருந்தது. மண் போட்டுவிட்டு எல்லோரும் கலைந்தபிறகு சேவியர் என்னிடம் வந்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. நான் வழக்கம்போல அந்தக் கதையை ஆரம்பித்தேன். "அன்னைக்கு மட்டும் நான் அந்தக் கல்லப் போட்டிருந்தேன்னா, நீங்க..." என்றேன். அவர் தரையைப் பார்த்தார்.

"ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு மச்சான் சத்தியம் வாங்கியிருந்தாரு. அவரே போயிட்டாரு, இனி என்ன" என்றார். "அன்னைக்கு ஏழும் வெடிச்சிருந்துச்சும்மா. அஞ்சும் ஆறும் சேந்தாப்புல வெடிச்சிருக்கும் போல. துண்டுக்குள்ள இருந்தது வெறுங் கல்லு."

எனக்கு முதலில் வந்தது கோபம். பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு கல்லை வைத்து ஊரையும் ஏமாற்றி, என்னையும் ஏமாற்றி! "எதுக்கு அப்படிச் செஞ்சாரு? நான் கேட்டேனா?" என்று புதுமண் முன்னாலேயே சத்தம் போட்டேன்.

"நானும் அதத்தான் கேட்டேன். மச்சான் சொன்னாரு: 'மாமனார் நிக்காரு, புருசன் நிக்கான், அத்தன பேரு முன்னால அந்தப் புள்ள கைய விரிச்சுச்சு. இன்னைக்கு நான் ஏழுன்னு சொல்லிட்டா அது இனிமே வாயத் தொறக்காது. அது மட்டுமில்லடா, அடுத்த கெணத்துல மிச்சக் கல்ல எவனும் எங்கிட்டக் காட்ட மாட்டான்.' அதுக்கப்புறம் ரெண்டு கெணத்துல நெசமாவே மிச்சக் கல்லு வந்துச்சும்மா. ரெண்டுலயும் கூலிக்கு வந்த புதுப் பயலுகதான் கைய விரிச்சானுக. ரெண்டுலயும் குழி கெடந்துச்சு. ஒங்க கதைய அவனுகளுக்கு மச்சான் சொல்லியிருந்தாரு."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். கண்டக்டர் டிக்கெட்டுக்கு இரண்டு தடவை கேட்டாராம். எனக்குக் கேட்டது ஆறு, இன்றைக்கும் ஆறுதான். ஆனால் அது என் பெருமை இல்லை. ஒரு மனிதர் வெறும் கல்லை வெடிமருந்துபோல ஏந்தி, அடிமேல் அடிவைத்து நடந்தாரே, அந்த நடையில் கிடைத்த வாழ்க்கைதான் எனக்கு இதுவரை. கோபம் திருச்சுழி வருவதற்குள் போய்விட்டது. அழுகை மட்டும் போகவில்லை.

கேத வீட்டுக்குப் போய்விட்டுக் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது. கொல்லைப்புறமாக வந்து தொட்டியில் தண்ணீர் மொண்டேன். உள்ளேயிருந்து அத்தையின் குரல் கேட்டது. "மோட்டாரு ஓடுது. யாராச்சும் போயி நிப்பாட்டுங்கடா. தண்ணி வீணாப் போகுது."

மாமா போய் நாலு வருஷம். கிணறு மறுபடி வற்றி, மோட்டாரைக் கழற்றி விற்றே இரண்டு வருஷம். அத்தைக்குக் கண்ணும் மங்கிவிட்டது. தினமும் சாயங்காலம் மோட்டார் ஓடுகிறது என்பார். "அம்மா, மோட்டாரே இல்ல. அது ஒம் பெரமை" என்று அன்றும் எங்கள் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆறு மாதமாக நானும் அதையேதான் சொல்லிவந்தேன். எனக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்கிறேன் என்ற ருசி அதில் இருந்தது. ஒளிப்பானேன்?

செம்பைக் கீழே வைத்தேன். குளிக்காமலே தோட்டத்துக்கு நடந்தேன். எட்டிப் பார்க்காமல் அப்படியே திரும்பிவந்தால் போதும் என்று தோன்றவில்லை. மோட்டார் ரூமின் கதவைத் தள்ளி உள்ளே பார்த்தேன். மோட்டார் இருந்த சிமெண்டுத் திட்டில் ஓணான் ஒன்று தலையை ஆட்டியது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் பாறை, கிழக்கு மூலையில் காய்ந்த சருகு. கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றேன். பிறகுதான் திரும்பினேன்.

சவரிமுத்து அண்ணனை அறிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அவருடைய சிவப்புத் துண்டை அவரோடு வைத்துவிட்டார்கள். அந்த ஏழாவது கல் எங்கே விழுந்ததென்று எனக்கு நினைவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வியும் ஒரு பொய்யும்தான். மற்றவர்களை விடு, உனக்கு என்ன கேட்டது என்ற அந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடத்தில் தினமும் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொய்யை அன்றுதான் முதன்முதலாகக் கையில் எடுத்தேன்.

குளித்து, ஈரத் தலையோடு அத்தையின் கட்டிலருகில் போனேன்.

"அத்தே, நிப்பாட்டிட்டேன்."

மங்கின கண்ணை என் பக்கம் திருப்பினார். "ஓடுச்சுல்ல?"

"ஓடிக்கிட்டுத்தான் அத்தே இருந்துச்சு."

"அப்பிடிச் சொல்லு" என்றார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "இவன் என்னயப் பெரமைங்கிறான்."